திறக்காத கோப்பும் படிக்க ஆளில்லாத பேரேடும்



கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறக்க முயல்கிறீர்கள். "இதை எந்த மென்பொருளால் திறப்பது?" என்று கணிப்பொறி உங்களையே திருப்பிக் கேட்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும், அதையடுத்து மூன்றெழுத்தில் ஒரு வாலும் இருக்கின்றன. நீங்கள் இதுவரை கண்டிராத வால். என்ன செய்வீர்கள்?

பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. வாலை மாற்றி வேறு பெயரிட்டுப் பார்ப்பார்கள். அல்லது "எல்லாக் கோப்பையும் திறக்கும்" என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவார்கள். முதல் வழியால் பயனில்லை. புளி ஜாடியின் மேல் 'உப்பு' என்று சீட்டு ஒட்டினால் புளி உப்பாகிவிடுமா? இரண்டாவது வழி ஆபத்தானது. யார் செய்தது என்று தெரியாத மென்பொருள் உங்கள் கோப்பைத் திறக்கிறதோ இல்லையோ, உங்கள் கணிப்பொறியைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கோப்பின் உள்ளே நாமே எட்டிப் பார்ப்பது. இது வல்லுநர்களின் வேலை, பள்ளி மாணவர்களுக்கு எட்டாதது என்ற எண்ணம் ஆசிரியர்களிடையேகூட இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டலும் பெருக்கலும் சற்றுப் பொறுமையும் போதும். ஏன் அவ்வாறு சொல்கிறேன் என்பதை விளக்க, உங்களைக் கணிப்பொறியை விட்டுச் சற்று விலக்கிச் செட்டிநாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே கணிப்பொறி வருவதற்கு வெகு காலம் முன்பே பெரும் தரவுத்தளங்கள் இருந்தன.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பார்கள். வீடுகளிலிருந்து விலைக்கு வந்த பித்தளைப் பாத்திரம், எனாமல் தூக்கு, தேக்குக் கதவு, பீங்கான் என்று குவிந்து கிடக்கும். வீடு கைமாறும்போது இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. அதே வீட்டுப் பெட்டகத்தில் இருந்த கணக்குப் பேரேட்டின் கதி வேறு. கதவைக் கண்டதும் கதவு என்று எவருக்கும் தெரிகிறது. பேரேட்டைப் பிரித்தாலோ வீட்டாருக்கே புரிவதில்லை. புரியாத தாள் எடைக்குப் போகும், அல்லது கறையானுக்கு.

நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் தொழில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா வரை பரவியிருந்தது. அங்கே நடந்த ஒவ்வொரு கடையிலும் அன்றாட வரவும் பற்றும் முதலில் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஐந்தொகை போட்டு, ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவிலும் நாள், ஆள், தொகை என்று அதே வரிசையில் அதே கூறுகள். இன்று நாம் தரவுத்தளம் என்று சொல்வதற்கும் இதற்கும் அமைப்பில் என்ன வேறுபாடு?

அப்படிப்பட்ட பேரேடு ஒன்றை நீங்கள் பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்குப் புள்ளியில்லை. கால் எது, ரகரம் எது என்று பிரித்தறிவது கடினம். நடுநடுவே ௵, ௴, ௳, ௶, ௷, ௸, ௹ என்று விசித்திரமான குறிகள். தொகை இருக்க வேண்டிய இடத்தில் ௩௱௪௰௫ என்று ஏதோ எழுதியிருக்கிறது. முதல் பார்வையில் ஒன்றும் விளங்காது. ஆனால் கவனித்துப் பாருங்கள். ௹ என்ற குறிக்குப் பக்கத்தில் எப்போதும் எண்போன்ற ஒன்று வருகிறது. ஆகவே அது பணத்தைக் குறிப்பதாகலாம். ஒரு குறி மேல்வரியில் உள்ளது கீழ்வரியிலும் திரும்ப வர வேண்டிய இடத்தில் வருகிறது; அது 'மேற்படி' ஆகலாம். உண்மையில் அவை அவ்வாறே. மற்றவை ஆண்டு, மாதம், நாள், பற்று, வரவு ஆகியவற்றின் குறிகள்.

எண்ணைப் பாருங்கள். ௩ என்பது மூன்று, ௱ நூறு, ௪ நான்கு, ௰ பத்து, ௫ ஐந்து. மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. வாயால் சொல்வதைப் போலவே எழுதியிருக்கிறார்கள், 345. சுழியமே தேவைப்படவில்லை. இந்த ஊகம் சரியா என்று எப்படி அறிவது? கூட்டிப் பார்த்துத்தான். பக்கத்திலுள்ள தொகைகளை உங்கள் ஊகப்படி படித்துக் கூட்டுங்கள். அடியில் கணக்குப்பிள்ளை போட்டிருக்கும் மொத்தத்தோடு பொருந்தினால் திறவுகோல் உங்கள் கையில். பொருந்தாவிட்டால் மீண்டும் ஊகியுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதை மறந்து தசமத்தில் கூட்டினால் ஒருநாளும் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னால் நமக்குப் பயன்படும். தமிழ் எண் எட்டுக்கும் 'அ' என்ற எழுத்துக்கும் ஒரே வடிவம். ஏழு 'எ' போலிருக்கும், ஒன்று 'க' போலிருக்கும். பேரேட்டில் 'அ' கண்டால் அது அருணாசலத்தின் முதலெழுத்தா, எட்டு ரூபாயா? வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது நிற்கும் இடத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது கணிப்பொறிக்குத் திரும்புவோம்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் தமிழ்நாட்டில் கணிப்பொறிப் பயிற்சி நிலையம் என்றாலே அங்கே டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ கற்பிக்கப்படும். அமெரிக்காவின் ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் 3ஐ 1984இல் வெளியிட்டது. சம்பளப் பட்டியலும் உறுப்பினர் பட்டியலும் நூலக இருப்புப் பட்டியலும் அக்காலத்தில் ஏராளமாக இதில் ஏறின. அந்தக் கோப்புகளின் வால் டிபிஎஃப். பழைய கணிப்பொறிகளிலும் குறுந்தகடுகளிலும் அவை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கின்றன.

எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசையே. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். பைட்டுகளை எண்களாகக் காட்டும் வசதி லினக்ஸ் கணிப்பொறிகளில் 'ஹெக்ஸ்டம்ப்' என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. எதையும் இறக்க வேண்டியதில்லை. அது பதினாறடிமான எண்களில் காட்டும். நான் பதின்ம எண்களாக மாற்றித் தருகிறேன். தொடங்குமுன் கோப்பைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். படியில்தான் கைவைக்க வேண்டும், மூலத்தைத் தொடக்கூடாது.

நாமே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோப்பின் முதல் பன்னிரண்டு பைட்டுகள் இவை: 3, 94, 6, 15, 26, 5, 0, 0, 225, 0, 80, 0.

முதலில் வரும் 3, டிபேஸ் 3 வகையின் அடையாளம். அடுத்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: 94, 6, 15. தேதி போல் இல்லையா? தேதியேதான். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டது 1994 ஜூன் 15 என்று பொருள். அடுத்த நான்கு பைட்டுகள் பதிவுகளின் எண்ணிக்கை. இங்கே ஒரு வேடிக்கை: சிறிய இலக்கம் முன்னால், பெரிய இலக்கம் பின்னால். 26 ஒன்றுகள், 5 இருநூற்றைம்பத்தாறுகள். ஆக 26 + 5 × 256 = 1306 பதிவுகள். அடுத்த இரண்டு பைட்டுகள் தலைப்பகுதியின் நீளம், 225. அதற்கடுத்த இரண்டு ஒவ்வொரு பதிவின் நீளம், 80.

தலைப்பகுதி 225 பைட் என்பதிலிருந்தே அட்டவணையில் எத்தனை பத்திகள் என்று கணக்கிடலாம். முதல் 32 பைட்டுகள் பொதுச் செய்தி. பிறகு பத்திக்கு 32 பைட்டாக அதன் பெயர், வகை, அகலம் முதலியன. முடிவில் 13 என்ற ஒரு பைட். 225இலிருந்து 33ஐக் கழித்தால் 192. அதை 32ஆல் வகுத்தால் 6. ஆறு பத்திகள்!

இதுவும் ஊகந்தானே, எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். பேரேட்டில் செய்ததையே செய்யுங்கள். 1306 பதிவுகளை 80ஆல் பெருக்கினால் 104480. தலைப்பகுதி 225ஐக் கூட்டினால் 104705. கோப்பின் இறுதியில் முற்றுக்குறியாக ஒரு பைட் இருப்பது வழக்கம், மொத்தம் 104706. கணிப்பொறி காட்டும் கோப்பின் அளவும் இதுவே என்றால் ஐந்தொகை பொருந்திவிட்டது. இனி லிப்ரே ஆபீஸ் போன்ற நம்பகமான மென்பொருளிடம் கோப்பைக் கொடுக்கலாம்; அது நேராகவே திறந்து அட்டவணையாகக் காட்டும்.

'அ' என்பதும் எட்டு என்பதும் ஒரே வடிவம் என்றேனல்லவா? இங்கேயும் அதே கதை. 65 என்ற பைட் எண்ணாகவும் இருக்கலாம். ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்தாகவும் இருக்கலாம். நிற்கும் இடமே தீர்ப்புச் சொல்லும்.

டிபேஸ் கோப்பில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உள்ள வெற்றிடத்தை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறியை வைத்துவிடுகிறது, அவ்வளவே. கணக்குப்பிள்ளை வரியின் மேல் கோடு கிழிப்பதைப் போல. கோட்டின் கீழ் இருப்பது இன்னும் படிக்கக் கிடைக்கிறது. வரலாற்றாசிரியருக்கு இது வரம். ஆனால் பிறருடைய பெயரும் கடனும் நோயும் உள்ள கோப்பு உங்கள் கைக்கு வந்தால், திறக்கத் தெரிகிறது என்பதற்காகவே திறந்துவிட உரிமை வந்துவிடாது. உரியவரிடம் கேட்டுவிட்டுத் திறப்பதே முறை.

மற்ற வகைக் கோப்புகளும் பெரும்பாலும் தம் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. கைப்பேசிச் செயலிகள் பெரிதும் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முதல் பதினைந்து எழுத்துகள் 'எஸ்கியூலைட் ஃபார்மட் 3' என்று ஆங்கிலத்தில் அப்பட்டமாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆக்செஸின் பழைய கோப்பில் நான்கு பைட் தள்ளி 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்று காணலாம். 'பி', 'கே' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது சுருக்கிக் கட்டிய மூட்டை. சுருக்கும் முறையை வகுத்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. இப்படி முதல் பைட்டுகளைப் பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை யூனிக்ஸில் 1973 முதலே உண்டு. வாலை நம்பாமல் வயிற்றைப் பார்க்கும் கட்டளை அது.

சரி, கோப்பு திறந்துவிட்டது. பத்திகள் ஆறும் தெரிகின்றன. ஆனால் பெயர்ப் பத்தியில் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு பழுதா? இல்லை. 'பாமினி' எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் அது! ஒருங்குறி பரவுமுன் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருச் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி வழங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே. இதையும் ஊகித்துக் கண்டுபிடிக்கலாம். அடிக்கடி வரும் அரைப்புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளி என்று கண்டுகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியைத் தாண்ட முடியாத இடமும் உண்டு. என் வாதத்தின் மையம் அதுதான்.

டிபேஸில் பத்தியின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஆகவே எழுத்தர் தமக்கு மட்டும் விளங்கும்படி சுருக்கிவிடுவார். 'வகை' என்ற பத்தியில் 1, 2, 3 என்று மட்டும் இருக்கும். ஒன்று என்றால் என்ன? ஊனமுற்றோரா, ஓய்வுபெற்றோரா, ஒரு தவணை கட்டியவரா? எந்தக் கூட்டல் கழித்தலாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எழுத்தருக்குத் தெரியும். அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

பேரேட்டிலும் இதே நிலைதான். நகரத்தார் கடைகளுக்கு 'விலாசம்' என்று ஒன்று உண்டு. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்தது. மூன்று எழுத்தைப் பார்த்து எந்த ஊர், எந்த வீடு என்று அக்காலத்தவர் சொல்லிவிடுவார்கள். நம்மால் முடியாது. வட்டிக்கு 'நடப்பு' என்றால், ரங்கூனில் அந்த மாதம் கூடி முடிவு செய்த வீதம் என்ன என்று தெரிந்தவரே கணக்கைச் சரிபார்க்க முடியும். ஆண்டையும் பாருங்கள். 'பிரபவ' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1867ஆ, 1927ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புகிறதே! 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய மென்பொருள்களால் உலகமெங்கும் எவ்வளவு திருத்த வேலை நேர்ந்தது என்று படித்திருப்பீர்கள். அதே வகைச் சிக்கல்தான் இது.

"பழைய வட்டிக் கணக்கு யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாற, 1930களின் இறுதிக்குள் அது சுமார் 25 சதவீதமாயிற்று. அரசாங்க அறிக்கைகள் இந்த மொத்தத்தைச் சொல்கின்றன. ஓர் உழவரின் கடன் எந்த மாதம் எவ்வளவு ஏறிற்று, எந்த நாளில் அவர் நிலத்தை விட்டார் என்பதைப் பேரேடே சொல்லும். பின்னர் அரசியல் மாற்றங்களாலும் 1942இல் போராலும் அங்கிருந்து நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பிய கதையும் அதன் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். இரு நாட்டு மக்களின் துன்பக் கணக்கு அது. எடைக்குப் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

வசதி மிகுந்த நாடுகளும் இதில் தவறியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த நிலக் கணக்கு 'டூம்ஸ்டே' நூல். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி நிறுவனம் புதிய 'டூம்ஸ்டே' ஒன்றைத் தயாரித்தது. உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள் பெருமளவில் தங்கள் ஊர்ச் செய்திகளைத் திரட்டித் தந்தார்கள். அவற்றை அக்காலத்துக்கே உரிய லேசர் தட்டில் பதித்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டைப் படிக்கும் கருவி அரிதாகி, ஆய்வாளர்கள் பாடுபட்டு மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய நூலோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

செட்டிநாட்டிலேயே நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டு வெளியீடுகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் வீசியெறிவதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994இல் அவர் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அத்தாள்களைத் திறக்கத் தமிழ் தெரிந்தால் போதும். கூடுதலாக ஒரு திறவுகோல் தேவைப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, பள்ளிக் கணிப்பொறி வகுப்பில் மென்பொருளின் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்பிக்கும் நேரத்தில் ஒரு பங்கையாவது, கோப்பின் உள்ளே பார்க்கக் கற்பிப்பதற்குத் தர வேண்டும். இரண்டு, அரசு அலுவலகமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் பள்ளியானாலும், தரவைச் சேர்க்கிறவர்கள் அதன் விளக்கத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். இந்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரங்களே வேண்டும் என்று 2010இலேயே கொள்கை வகுத்தது. அமைப்பு வெளியிடப்பட்ட கோப்பை எந்தக் காலத்திலும் திறக்கலாம் என்பது உண்மையே. ஆனால் 'வகை 1' என்றால் என்ன என்பதை எந்தத் தரமும் சொல்லாது. அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே தொடங்கலாம். இந்த ஆண்டு அறிவியல் திட்டத்துக்காக ஊருணிகளின் நீர்மட்டத்தையோ தெரு மரங்களையோ கணக்கெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுவீர்களானால், காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாகவும் ஒரு படி வையுங்கள். உடன் ஒரே ஒரு தாள்: எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, அளவு மீட்டரிலா அடியிலா, சுருக்கக் குறிகளுக்கு என்ன பொருள், விடுபட்ட இடத்தில் என்ன எழுதினீர்கள், எந்த எழுத்து முறை. அதை அச்சிட்டுக் கோப்பின் படியோடு நூலகத்தில் வையுங்கள். தேதி போடும்போது ஆண்டுக்கு நான்கு இலக்கமும் எழுதுங்கள்.

செட்டிநாட்டுப் பக்கத்து மாணவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எண்பது வயதைத் தாண்டிய ஐயாவோ ஆயாவோ இருந்தால், ௸ என்ற குறியை ஒரு தாளில் எழுதிக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். தெரியும் என்றால் பேரேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். விலாசங்களைப் படிக்கச் சொல்லி, அவர்கள் சொல்வதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.